இரண்டு தேசக் கணக்கிலும் ஒரு தலை

எனக்கு மதராஸ் வெளியூர் அல்ல, வெளிநாடு. நான் பிறந்தது மலாயாவில், தைப்பிங் நகரத்தில். தகப்பனார் அங்கே ரயில்வே வேலைக்குப் போய் அப்படியே தங்கிவிட்டவர். நான் அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராகி, கல்யாணத்துக்கு மட்டும் ஒரு தடவை கப்பலேறிப் போய்க் கமலத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பியவன். அந்தத் தடவை நான் மாப்பிள்ளை. மாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இந்தத் தடவை கமலத்தின் அண்ணன் துரைசாமி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். கமலத்துக்குக் கைக்குழந்தை. அதனால் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பிஸ்கட்டு, சீலை, சீனப் பட்டு எல்லாம் அடைத்து, கூடவே என்னையும் அனுப்பிவைத்தாள்.

எனக்குச் சொந்த வேலை ஒன்றும் இருந்தது. அப்போது நான் தபால் வழியாகப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் நண்பர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, அதற்கு ஆட்பட்டவர். ஒரு தேசத்தில் ஒரு வருஷத்தில் விளைவது, வெட்டுவது, செய்வது எல்லாவற்றையும் கூட்டி, அங்குள்ள தலைகளால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். அப்படிப் பார்த்தால் மதராஸ் மாகாணத்தைவிட மலாயா எப்போதுமே மேலே நிற்கிறது என்று நான் எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்தில் பேசியிருந்தேன். கந்தையா மூக்குப்பொடியைத் தட்டிவிட்டுக் கேட்டார்: ரப்பர் விலை விழுந்ததே, தோட்டமெல்லாம் முடங்கியதே, அந்த வருஷங்களிலுமா? அந்த வருஷங்களிலும் தலைக் கணக்கு நான் நினைத்த அளவு விழவில்லை. ஏன் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மதராஸில் இறங்கிய அன்றே பூந்தமல்லி பஸ் பிடித்தேன். போரூர் தாண்டியதும் அது முன்பக்கம் புகைவிட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் சீன டிரைவர் அதைத் திட்டுவான், நாங்கள் டிரைவரைத் திட்டுவோம். இங்கே ஒருவரும் கோபப்படவில்லை. புளியமர நிழலில் ஒரு அம்மாள் பூக்கூடையை இறக்கி மல்லிகை தொடுக்கத் தொடங்கினாள். இன்னொருவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத எனக்கும் ஒரு உருண்டை நீட்டினார். அந்தப் புளிசாதத்தின் ருசிக்காகவே பஸ் இன்னும் சற்றுப் பழுதாகி நிற்கலாம் என்று தோன்றியது.

தண்ணீர் வந்தும் பஸ் கிளம்பவில்லை. காட்டுப்பாக்கம் கிட்டத்தில்தான் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் குறுக்கே நடந்தேன். பாதி வழியில் பளபளவென்று பாலிஷ் போட்ட என் சப்பாத்துக் கால் ஒரு வாய்க்காலுக்குள் முழங்கால் வரை போய்விட்டது. வாயிலிருந்து தானாக, "அலாமாக்!" என்று வந்தது. ஐயையோ என்பதற்கு எங்கள் ஊர் மலாய்க்காரர் பேச்சு அது.

எங்கோ மேலேயிருந்து பதில் வந்தது: "அப்பா மாச்சாம், துவான்?" என்ன சமாசாரம், ஐயா என்று அர்த்தம்.

அண்ணாந்து பார்த்தேன். பக்கத்துக் கிணற்றில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த மனிதன்தான் பேசியவன். முண்டாசு, முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு, முகமெல்லாம் சிரிப்பு. வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பெண், மண்வெட்டியை ஊன்றி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவன் பெயர் ஏழுமலை. அவள் பச்சையம்மா, அவன் மனைவி. ஏழுமலை தன் கல்யாணத்துக்கு முன்பு மலாயாவில், தைப்பிங்குக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவன். அந்த வயல் என் மச்சானுடையது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் என்னோடு வந்தான். வழியில் ரோட்டோரக் கடையில் காபி வாங்கிக் கொடுக்கலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. எட்டிப் பார்த்தால், கடைக்குப் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தான். கடைக்காரர் எனக்குப் பித்தளை டம்ளரிலும் அவனுக்குக் கொட்டாங்கச்சியிலும் ஊற்றினார். என் மண்டையில் அது ஏறக் கொஞ்சம் நேரமாயிற்று. டம்ளரை எடுத்துக்கொண்டு நானும் பின்பக்கம் போய் அவனோடு நின்று குடித்தேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஏழுமலைக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. காபி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்க் காபி கரித்தண்ணீர்.

மச்சான் வீட்டில் என்னைப் பார்த்த சந்தோஷத்தில் இலை போட்டுவிட்டார்கள். ஏரி விரால் குழம்பு, கத்தரிக்காய் வறுவல். நான் கேழ்வரகுக் களி கேட்டேன். மச்சான் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கப்பலில் வந்த மாப்பிள்ளைக்குக் களியா என்று. கேட்டு வாங்கித் தின்றேன். தைப்பிங்கில் என் தகப்பனார் சாகும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ அது தொண்டையில் இறங்க இரண்டு சொம்பு தண்ணீர் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மச்சான் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். பெருமைப்படத் தக்க நிலம். அவர் அப்பா காலத்தில் பாதி தரிசாகக் கிடந்ததாம். இப்போது வேர்க்கடலை, அது போனால் கத்தரி, கீரை. எல்லாம் மாட்டு வண்டியில் கொத்தவால் சாவடிக்குப் போகிறது. விதை நெல்லையும் நல்லதாக மாற்றியிருந்தார். கிணற்றடியில் புதிதாக ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, உள்ளே கோணி போர்த்தி எதையோ வைத்திருந்தார். கோணியை விலக்கியதும் ஒரு எண்ணெய் எஞ்சின். கல்யாணம் முடிந்ததும் பூசை போட்டு ஓட்டப்போகிறார். மூன்று ஏற்றத்தின் தண்ணீரை அது ஒன்றே இறைக்குமாம். நான் குஷியாகிவிட்டேன். ஒரு ஆள் உழைப்புக்கு விளைவு காலத்தோடு கூடுகிறது என்று புத்தகத்தில் படித்தது, கோணியைப் போர்த்திக்கொண்டு கண்ணெதிரே நின்றது.

"அப்பா காலத்தைவிட நிலம் அதிகம் கொடுக்கிறது. வேலைக்காரர்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குக் கூலி அப்பா காலத்து ஒரு மரக்கால் நெல்லுதான், மாப்ளே. அது வழக்கமாச்சே," என்றார் மச்சான். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் ஏற்றத்தடியில் ஏழுமலையும் பச்சையம்மாவும் பச்சை வேர்க்கடலையைச் சருகில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். கடலையைவிட எனக்கு அவர்களிடம் தலைக் கணக்கைச் சொல்லிப் பார்ப்பதில்தான் ஆசை. சொன்னேன். ஏழுமலை கவனமாகக் கேட்டான். பிறகு தன் கதையைச் சொன்னான். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் பெயர் வாசித்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி, திருப்பிக் கப்பலேற்றிவிட்டார்கள். மதராஸில் இறங்கியபோது அவனிடம் ஒரு குடையும் ஒரு போர்வையும் இருந்தன.

கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குக் கந்தையாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மலாயாவில் விளைவு விழுந்தபோது தலைகளையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். வகுக்கிற எண்ணைக் குறைத்தால் வருகிற ஈவு எப்படி விழும்? நாங்கள் அனுப்பிய தலைகளை எல்லாம் இந்த ஊர் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, இருக்கிற கஞ்சியைப் பங்குபோட்டிருக்கிறது. நல்ல காலத்தில் எங்கள் கணக்கு, கெட்ட காலத்தில் உங்கள் கணக்கு. நீ ஒருத்தன்தான் இரண்டு தேசக் கணக்கிலும் இருந்த தலை என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அதில் ஏனோ பெருமை. பச்சையம்மாவைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டான்.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு என்னிடம் வேறு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. கண்ணாலம் ஆன நாளிலிருந்து அவன் மலாயாக் கதையாகச் சொல்லி வருகிறான், மரத்தில் பால் வருகிறதென்கிறான், தினம் மழை என்கிறான். அவளுக்குப் பாதி நம்பிக்கை, பாதி சிரிப்பு. இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றாக விசாரித்தாள். மரத்துப் பால் நிஜமா? நிஜம். தினம் மழையா? எங்கள் ஊரில் கிட்டத்தட்ட தினம். பிறகு கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தாள்.

"காபிக் கடையில உள்ள போயி பெஞ்சில குந்திகினு, பீங்கான் கோப்பையில குடிச்சேன்னு சொல்லிக்கினே கீறான். இத்தத்தான் நான் நம்பல. நெசமா, வாத்தியாரே?"

உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அவள் கேட்ட விதம் அப்படி இல்லை. எதையோ முடிவு செய்கிறவள் கேட்கிற மாதிரி இருந்தது. அதனால் முழுவதையும் சொன்னேன். டவுனில் சீனன் கடையில் யாரும் எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைதான். தோட்டத்துக்குள்ளே அப்படி அல்ல. நம்மாட்கள் போன இடத்திலும் வரிசை வீடுகளைச் சாதிவாரியாகப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விடியுமுன் பேர் வாசிப்பார்கள். அட்டை கடிக்கும், காய்ச்சல் வரும். தலைக்கு அங்கே அதிகம் விளைகிறது என்பது சரி. விளைந்தது முழுதும் அந்தத் தலைக்கே வந்து சேருவதில்லை. விலை மறுபடி விழுந்தால் மறுபடி கப்பல்தான்.

"ஆனா கோப்பை நெசம்," என்றாள்.

"நிஜம்," என்றேன்.

ஏழுமலை தலையைச் சொறிந்தான். ஆவடியில் மலாயா போகிறவர்களுக்கான முகாம், விலை விழுந்த வருஷங்களில் பூட்டிக் கிடந்தது, இப்போது திறந்திருக்கிறது என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். அவனுக்குத் திரும்பப் போக மனமில்லை. திருப்பி அனுப்பப்பட்ட அவமானம் அவனுக்கு ஆறவில்லை. எஞ்சின் வந்த பிறகு ஏற்றம் மிதிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று பச்சையம்மா அவனைக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் இந்த மலாயாப் பேச்சு எப்படியோ மச்சான் காதுக்கு எட்டிவிட்டது. அறுப்புக்கு ஆள் கிடைக்காது, நல்ல வேலைக்காரர்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள், மலாயா வேண்டாம் என்று சொல்லிவையுங்கள் என்றார். பெண் வீட்டுக்காரர் கேட்கிற உதவி. அதுவும் கல்யாண வீட்டில். நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் போகச் சொல்லியும் தூண்டமாட்டேன் என்றேன். மச்சான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அதன் பிறகு எனக்கு வந்த காபியில் சர்க்கரை குறைந்த மாதிரி இருந்தது. அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

கல்யாணம் ஜோராக நடந்தது. பூந்தமல்லி மேளம் வந்த வண்டியின் அச்சு வழியில் முறிந்துபோக, மேளக்காரர்கள் வயல் வழியாக வாசித்துக்கொண்டே நடந்து வந்தார்கள். அதனால் முகூர்த்தத்துக்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்களும் கூட்டத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். வடை போதவில்லை. சம்பந்தி வீட்டார் கோபிப்பதற்குள் மச்சான் மனைவி என் தைப்பிங் பிஸ்கட்டுகளை இலையில் வைத்துச் சமாளித்தார்கள். வடை கேட்ட ஒரு பெரியவர் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

கல்யாணத்துக்கு மறுநாள் எஞ்சினுக்குப் பூசை. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, முறுக்கிவிட்டதும் அது கனைத்துக்கொண்டு ஓடியது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டிற்று. கூட்டம் கைதட்டியது. மச்சான் மட்டும் மடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைத் திருப்பிவிட ஆள் இல்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு கீரைப் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏழுமலையும் பச்சையம்மாவும் விடியற்காலையிலேயே ஆவடிக்கு நடந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

மச்சான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தானே மண்வெட்டி எடுத்தார். பாத்தியைச் சரிசெய்துவிட்டு, மூச்சு வாங்க, ஜட்கா பிடியுங்கள் மாப்ளே, ஆவடி போகலாம் என்றார்.

பூந்தமல்லியில் பிடித்த ஜட்காக் குதிரை பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை ஒழுங்காக ஓடியது. அங்கே தண்ணீரைப் பார்த்ததும் நின்றது. நின்றது மட்டுமல்ல, வண்டியோடு ஏரிக்குள் இறங்கியது. வண்டிக்காரன், "அதுக்குப் பசி அண்ணாத்தே, தாகம், எல்லாம் கீது, பொறுத்துக்கோ," என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னானே தவிர, குதிரையிடம் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் தண்ணீரில், வண்டிக்குள் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, நானும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கோபமாக இருப்பதற்குத் தோதான இடம் அல்ல அது. முதலில் அவர்தான் சிரித்தார். சிரித்து முடித்ததும், அப்பா காலத்து மரக்காலைப் பற்றி நீங்கள் கேட்டது அன்றிலிருந்து மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்றார்.

ஆவடி முகாம் ரயிலடிக்குக் கிட்டத்தில், நீளநீளமான கொட்டகைகளாக இருந்தது. பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கும் வாசனை வாசல் வரை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சொந்த இஷ்டத்தில் போகிறாயா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். மச்சானைப் பார்த்ததும் ஏழுமலை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். பச்சையம்மா அசையவில்லை.

மச்சான் நேராக விஷயத்துக்கு வந்தார். இனிமேல் பழைய மரக்கால் இல்லை, ஒன்றரை மரக்காலாகக் கொடுக்கிறேன், எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உனக்கே என்றார். என் முன்னால் அவர் அதைச் சொன்னது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஏழுமலையின் முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சின் வேலை! அவன் வரிசையிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தும் வைத்துவிட்டான்.

பச்சையம்மா மச்சானிடம் மரியாதையாகத்தான் பேசினாள். "ஒன்றரை மரக்கா நல்லதுதான், நைனா. ஊருல நிக்கிறவங்களுக்குக் குடு. எனக்கு மரக்கா பத்தலன்னு போவல."

அதிகாரி அப்போது ஏழுமலையின் பெயரைக் கூப்பிட்டு, சொந்த இஷ்டமா என்று கேட்டார். அவன் மச்சானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"அவ இஷ்டம், சார்," என்றான். "அவ இஷ்டந்தான் என் இஷ்டம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வரிசையே சிரித்தது. மச்சானும் சிரித்துவிட்டு, பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது வழிச்செலவுக்கு என்று அவர்கள் கையில் எதையோ திணித்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. திரும்பும்போது குதிரையை நம்பாமல் ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கிக் கொய்யாப்பழம் வாங்கித் தின்று, வேறு வண்டி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தோம். அந்த வாரமே காட்டுப்பாக்கத்தில் மச்சான் நிலத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஒன்றரை மரக்கால் என்றாயிற்று. பக்கத்து நிலத்துக்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய ஆட்களும் ஆவடிப் பக்கம் பார்க்கத் தொடங்கியதும், அவர்களும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

நான் திரும்பிய கப்பலிலேயே அவர்களும் இருந்தார்கள். நான் இரண்டாம் வகுப்பு. அவர்கள் மேல்தளத்தில், தார்ப்பாய்க்குக் கீழே. நடுக்கடலில் ஒரு காலை கப்பல் பலமாக ஆடியது. என் அறைக்காரர்கள் எல்லாரும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். காற்று வாங்க மேலே போனேன். அங்கேயும் அதே கதிதான். மலாயாவைப் பார்த்துத் திரும்பிய அனுபவசாலி ஏழுமலை, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, தன்னைக் கடலில் எறிந்துவிடச் சொல்லி முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கப்பலை முதல்முறை பார்க்கிற பச்சையம்மா தட்டு நிறையச் சோறும் கருவாடும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும், "வாத்தியாரே, இப்ப நாங்க எந்த ஊரு கணக்குல கீறோம்?" என்று கேட்டாள்.

வாத்தியார் அல்லவா, நிஜமாகவே யோசித்தேன். மதராஸில் பெயரை அடித்திருப்பார்கள். பினாங்கில் இன்னும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"இப்போதைக்கு யார் கணக்கிலும் இல்லை," என்றேன்.

அவள் கடலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் கரை இல்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப குந்து. நீயும் ஒரு வாய் துன்னு."

கப்பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.